நீலக் கோட்டின் படிகள்

அந்த மலை நகரத்தில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் சந்துகள் இருக்காது. மூடுபனி அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத்தான் திருப்பித் தரும். டேப் அக்கா அதற்கு முன்பே இறங்கிவிடுவாள். நகராட்சியில் வரைபடம் போடுகிறவள். டேப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை பனிக்குள் எங்கேயோ செயின்மேனிடம். அளக்கும்போது கூடப் பிடிக்கிறவருக்கு அலுவலகத்தில் அதுதான் பேர். ஒருமுறை இழுத்தால் ‘நில்’, இரண்டுமுறை இழுத்தால் ‘எழுதிக்கொள்’. பாதி நாள் அவள் வெள்ளைக்குள் நின்றபடி, கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

இந்தப் பக்கம் இருப்பது நான்தான் என்று எப்படி நம்புகிறாய் என்று அவர் ஒருநாள் கேட்டார். உங்கள் இருமலை யாரும் திருட மாட்டார்கள் என்றாள்.

பழைய சந்துகளைக் காக்கும் திட்டம் அது. இருபத்து மூன்று சந்துகள். எந்தக் கல்லை மாற்றலாம், எந்த வளைவைத் தொடக்கூடாது, விளக்கு எங்கே என்று எல்லாம் அவள் வரைந்ததுதான். ஆனால் பெரிய வீடுகளின் முதுகுக்குப் பின்னால் இறங்கும் ஓர் இடுக்கு மட்டும் பழைய வரைபடத்தில் நீலக் கோடாக இருந்தது. நீலம் என்றால் வடிகால். வடிகால் என்றால் மேலே பலகைக்கல் போட்டு மூடி, வாயில் கம்பி வைத்துவிடுவார்கள். அந்த இடுக்கு இறங்கி முடியும் இடத்தில் ஒன்பது வீடுகள். மூடிவிட்டால் அவர்கள் கடைக்கு வருவதற்கும் மலையையே சுற்ற வேண்டும். ஒன்பதில் ஒன்றில் அவள் அம்மா இருந்தாள்.

அது வடிகால் அல்ல. பெரிய வீடுகளின் கழிவை வாளியில் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் இறங்கிய வழி. மற்ற சந்துகளில் அவர்கள் கால் படக்கூடாது. நடக்க இடம் விட்டவர்கள், படத்தில் இடம் விடவில்லை. மனிதர் நடந்த வழிக்குத் தண்ணீரின் நிறத்தைப் பூசியவன், மை காய்ந்ததும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பான்.

திட்டத்தை நடத்திய ஆர்க்கிடெக்ட் அம்மாள் நல்லவர்தான். அக்கா சொன்னதைக் கேட்டு வருந்தினார்; ஆதாரம் இல்லையே என்றார். தன் அம்மாவிடம் கேட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அந்த நாத்தத்தை எதுக்குடி கிளறுற? ஆபீஸ்ல நாலு பேரு உன்னை அக்கான்னு கூப்பிடறது உனக்குப் பொறுக்கலையா?”

அதனால் அவள் அளந்தாள். மற்ற சந்துகளில் ஒரு படி ஏழு அங்குலம். இங்கே நாலு. பாரத்தோடு இறங்கும் முழங்காலுக்காக வைத்த உயரம். பதினைந்து படிக்கொரு சமதளம். அங்கே சுவரிலிருந்து தலை உயரத்தில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. சுமைதாங்கி. அதன் கீழ் அவள் நின்றாள். பனி மெல்ல இறங்கியது. ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, தலையை அசைக்காமல் வந்து வாளியை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. டேப் இரண்டுமுறை இழுபட்டது. அவள் பதில் இழுக்கவில்லை. செயின்மேன் டேப்பைப் பிடித்துக்கொண்டே தடவித் தடவி வந்தார்.

“என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?”

“கூட்டமா இருக்குண்ணே. வழி விட்டு நிக்கறேன்.”

அவர் இருமவில்லை. அவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

திட்டக் கூட்டத்தில் அவள் படத்தை விரித்தாள். வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்க வடிகாலிலும் படி வைப்பதுண்டு என்றார் நகராட்சி எஞ்சினியர். இருக்கலாம், வழியில் தண்ணீர் எதற்கு உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, சுவரில் நீட்டியிருக்கும் அந்தக் கற்கள் விளக்கு வைக்க இருந்திருக்கும் என்றார். அதில் சுமையோடு இறங்கிய ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்.

மேசையைச் சுற்றிப் பத்து முகங்கள். அவள் எந்த வீட்டுப் பெண் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

“எங்கம்மா,” என்றாள். “பதினெட்டு வருஷம் சுமந்தாங்க.”

எஞ்சினியர் தன் பேனாவை மூடி வைத்தார். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். நீலத்தைச் சுரண்டி எடுத்து, பழுப்பில் கோடு போட்டு, ‘சந்து 24’ என்று எழுதினாள்.

சாயங்காலம் அம்மாவிடம் போய், சபையில் சொல்லிவிட்டேன் என்றாள். அம்மா எழுந்து வந்து, படிகள் இருக்கும் பக்கம் பார்த்தாள். பனி வாசல்வரை வந்து நின்றது.

“எத்தனை படின்னு எழுதினே?”

“நூத்திப் பதினொண்ணு.”

“தப்பு. அடியில ரெண்டு மண்ணுக்குள்ள கிடக்கு. நூத்திப் பதிமூணு. நாளைக்குப் போய் முதல் வேலையா அதைத் திருத்து.”