அக்காவின் முகத்தில் வாசித்த நாவல்கள்

நோர்வேயில் காலை ரயிலில் நாவல் வாசிக்கும்போது, என் கை தானாகவே புத்தகத்தைப் பக்கத்து இருக்கைக்குச் சாய்த்துவிடுகிறது. சென்ற கிழமை அருகிலிருந்த பெண்மணி, தனக்கு மதத்தில் ஈடுபாடில்லை என்று பணிவாகச் சொன்னார். இது வெறும் நாவல் என்றேன். அப்படியானால் ஏன் எனக்குக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் எழுந்து வேறு இடத்தில் அமர்ந்தார்.

சிறுவயதில், ஊரில், சண்டிலிப்பாயில் எங்கள் வாசிகசாலையில் ஒரு நாவலை இரண்டு நாளுக்குத்தான் தருவார்கள். அதனால் அக்காவும் நானும் பாயில் குப்புறப் படுத்து, ஒரே புத்தகத்தைச் சேர்ந்து வாசித்தோம். அக்கா வேகம், நான் காற்புள்ளியையும் விடாதவன். பக்கம் முடிந்ததும் தாளின் மூலையைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருப்பாள்.

"என்னடா, எழுத்துக் கூட்டுறியோ?"

"பொறு அக்கா, இன்னும் மூண்டு வரி."

அந்த மூன்று வரியில் என்ன இருக்கிறது என்பதை அவள் முகத்தில் முதலே கண்டுவிடுவேன். கீழுதட்டைக் கடித்தால் பிரிவு. மூக்கை உறிஞ்சினால் சாவு. பிற்பாடு இங்கே எத்தனையோ நல்ல நாவல்களைத் தனியே வாசித்தேன். அவற்றின் தலைப்புகள் நினைவிருக்கின்றன. பாயில் வாசித்தவையோ பக்கம் பக்கமாக நிற்கின்றன. அந்தக் கதைகளில் நடந்ததெல்லாம் எனக்கு முதலில் அக்காவின் முகத்தில்தான் நடந்தது.

அக்கா இப்போதும் அந்த வீட்டில்தான். சீனி வருத்தத்தால், நீரிழிவால், கண் மங்கி, போன மாரிகாலத்தோடு எழுத்துத் தெரியாமல் போய்விட்டது. தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல யாரும் தனக்குக் கதை தீத்த வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். அதன் பிறகு மழையும் மரக்கறி விலையும்தான் பேச்சு. நாவல் கதைக்காத அக்கா வேறு யாரோ போலிருந்தாள். கண்ணோடு சேர்த்து அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

கடந்த ஞாயிறு உண்மையைச் சொன்னேன். புதிதாக ஒரு நாவல் வாங்கியிருக்கிறேன், தனிய வாசிக்க ஏலாமல் கிடக்கிறது என்று.

"சரி, வாசி. ஆனால் கெதியாய். உன்ரை வேகத்துக்கு நான் செத்த பிறகுதான் கதை முடியும்."

மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தாய் காய்ச்சலில் கிடந்தாள். அடுத்த வரியை என் கண் முந்திப் பார்த்துவிட்டது. குரலை மாற்றவில்லை என்றுதான் நினைத்தேன்.

"செத்திட்டா, என்ன?" என்றாள் அக்கா.

"நான் இன்னும் வாசிக்கேல்லையே."

"நீ வாசிச்சிட்டாய். மூச்சிலை தெரியுது. அவசரமில்லை, ஆறுதலாய் வாசி."

வாசித்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த நேரம் பார்த்து மீன்காரரின் ஹோர்ன். தொலைபேசியை வைத்துவிட்டு அவள் போக, படலை திறக்கும் சத்தம் கேட்டது. பாரை மீன் நேற்றையதோ என்று விசாரித்தாள். சத்தியமாக இன்றையது என்றார் அவர்.

"உவனிட்டை வாங்காதை, அக்கா," என்று இங்கே என் குசினியில் அடுப்பருகே நின்று உரத்துச் சொன்னேன். வெளியே இன்னும் விடியாத இருட்டில் பனி அள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. வரியில் விரலை வைத்தபடி, படலை சாத்தப்படுவதற்காகக் காத்திருந்தேன்.