எட்டாவது தோள்

எழுபதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த பிளாக்டவுனில், எங்களுக்கு அடுத்த வீட்டில் மால்டாத் தீவுக்காரர் ஒருவர் இருந்தார். நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. கிழமை முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டுச் சனிக்கிழமையாவது படுக்கலாம் என்று நான் பார்க்க, அவரும் அவருடைய ஆட்களும் சீமெந்து குழைக்கப் போய்விடுவார்கள். தேவாலயத்து மண்டபம், பள்ளிக்கூட மதில் எல்லாம் சம்பளமில்லாமல் அவர்கள் கட்டியவை. அவர்களைப் பார்த்தாலே எனக்குக் களைக்கும்.

பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான். வருடத்தில் ஒரு ஞாயிறு, தங்கள் ஊர்ப் புனிதரின் சொரூபத்தைத் தோளில் தூக்கித் தெருவைச் சுற்றி வரவேண்டும். அதற்கு எட்டுப் பேர் வேண்டும். அந்த வருடம் ஏழு பேர்தான் தேறினார்கள், பிள்ளைகளுக்கு வெட்கமாம். ஆள் சேராவிட்டால் இனி எப்போதும் சொரூபம் லொறியில்தான் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அவருக்கு மண்டபம் இனித்தது, புனிதர்தான் பாரமாகிவிட்டார்.

சனி பின்னேரம் அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். உங்கள் கோயிலிலும் சாமி தூக்குவீர்கள்தானே என்று, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். நான் பாவம் பார்த்துத் தலையாட்டிவிட்டேன்.

"இடுப்பு நோகுதெண்டு நேற்று முழுக்கப் புலம்பினீங்கள். இப்ப வேதக்காரரின்ர சாமியைத் தூக்கப் போறீங்களோ?" என்றாள் மனைவி.

"சாமியெண்டால் சாமிதானே," என்றேன்.

மறுநாள் தூக்கினோம். நான் ஆள் கட்டை. சொரூபத்தைத் தாங்கிய தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவில் மடித்த சாக்கு வைத்தார்கள். கொஞ்சத் தூரத்தில், எங்கள் கோயில் பழக்கத்தில், தோள் மாற்றப் பார்த்தேன். புனிதர் சரிந்தார். ஏழு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். தண்டுக்குக் கீழே முட்டுக்கொடுத்து இளைப்பாறலாமாம், ஆனால் தொடங்கிய தோளிலேயே முடிக்க வேண்டுமாம். இதை முதலே சொல்லியிருக்கலாம்.

பின்னால் பாதிரியார் ஏற்பாடு செய்த லொறி ஊர்ந்து வந்தது. ஓட்டியவன் அடுத்த வீட்டுக்காரரின் மகன். ஏற்றத்தில் எனக்கு முன்னால் போன அவர் இரண்டு தடவை இடறினார். மகன் லொறியை விட்டு இறங்கவில்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. ஒருவாறு ஏறி, தேவாலய வாசலில் இறக்கிவைத்தோம்.

அவர் நேரே லொறியடிக்குப் போய் மகனிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன்.

"அடுத்த வருடம் புனிதரை இதில் ஏற்றச் சொன்னேன்."

"ஏன்? தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டோமே."

"அதுதான்," என்றார். "இனி லொறியில் ஏற்றினாலும், ஏலாமல்தான் ஏற்றினார்கள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்."