பத்துத் தம்ளர் தண்ணீர்

கல்லடைப்பு வந்து மதுரையில் பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு இலத்தூருக்கு வந்த எங்கள் சித்தப்பா, கையோடு ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தார். மனுசனாகப் பிறந்தவன் நாளொன்றுக்குப் பத்துத் தம்ளர் தண்ணீர் குடித்தாக வேண்டும். டாக்டர் அவருக்குச் சொன்னதை, வீட்டுக்கே சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. ஒருநாள் விடிந்ததும் இரண்டு கூண்டு வண்டிகளில் குளிக்கக் கிளம்பினோம். ஒன்றில் தாத்தா, அம்மா, நான். மற்றதில் சித்தப்பாவும் அத்தை பிள்ளைகள் மூன்று பேரும். புறப்படும்போதே சித்தப்பா போட்டி வைத்துவிட்டார். பத்துத் தம்ளரை முதலில் முடிக்கிற பிள்ளை, திரும்பி வரும்போது வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கலாம். எங்கள் வண்டியில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று பார்க்கிற அதிகாரத்தையும் எனக்கே கொடுத்தார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குடிப்பேன், வண்டியை நிறுத்தச் சொல்லி மரத்துக்குப் பின்னால் ஓடுவேன், வந்து மறுபடியும் குடிப்பேன். அருவிக்குள் நின்றபோதும் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். அது கணக்கில் சேராது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு பானை மாதிரி ஆடியது. ஆனாலும் பத்தாவது தம்ளரை முதலில் கவிழ்த்து வைத்தது நான்தான்.

அந்தத் துள்ளலில்தான், புறப்படுகிற நேரத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். அம்மா ஒரு தம்ளர்கூடக் குடிக்கவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே கொட்டியதை நான் பார்த்தேன்.

"மதினி, கல்லு அடைச்சாத்தான் தெரியும் அந்த வலி," என்றார் சித்தப்பா.

தாத்தாவும் "குடியேம்மா" என்றார். மாமனார் சொல்லை அம்மா தட்டியதில்லை. நின்றபடியே மூன்று தம்ளர் குடித்தாள். நான் எண்ணினேன்.

திரும்பும்போது கயிறு என் கையில். வண்டிக்காரர் நுனியைப் பிடித்திருந்தார் என்பது வேறு விஷயம். பாதிவழியில் சித்தப்பாவின் வண்டி எங்களை முந்தப் பார்த்தது. மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு ஓடின, சலங்கை அதிர்ந்தது, நான் தொண்டை கிழியக் கத்தினேன். சாலை நெடுக சீசனுக்கு வந்தவர்களின் வண்டிகள், இரண்டு பக்கமும் மறைவே இல்லாத வயல்வெளி, நல்ல வெயில்.

பின்னாலிருந்து அம்மாவின் கை என் முதுகைத் தொட்டது.

"ஏட்டி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்."

"எதுக்கும்மா? அவங்க முந்திருவாங்க."

அம்மா தாத்தாவைப் பார்த்தாள். வண்டிக்காரரின் முதுகைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, போ" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூண்டின் மூங்கிலைப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்னும் விரட்டச் சொன்னேன்.

நாங்கள்தான் ஜெயித்தோம். வண்டி நிற்பதற்குள் அம்மா குதித்து, என்னைத் திரும்பிக்கூடப் பாராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். அப்போதுதான் வந்து நின்ற வண்டியிலிருந்து சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி எப்படி ஓடுதாவ, பாத்தியா? எல்லாம் தண்ணி குடிச்ச தெம்பு."

நான் அதை அப்படியே நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.