தனி வால்வு கேட்டு வந்தவர்

பதுளை பஜாரில் ஒரு ரேடியோ கடையில் பதினோரு வருசம் ரிப்பேர் வேலை பார்த்தேன். அந்தப் பெருமையை அளக்க இதை எழுதவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, நான் செய்த ஒரு அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

1. என் யோசனை

ஐம்பதுகளில் வீட்டில் ரேடியோ இருப்பதை மறைக்க முடியாது. கூரைக்கு மேலே இரண்டு மூங்கில் கம்பு நட்டு, நடுவில் செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும். அந்த மூங்கிலைப் பார்த்தே கள்ளன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். பண்டாரவளைப் பக்கம் அப்படி இரண்டு மூன்று வீடுகளில் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ரேடியோ வாங்கியிருந்த தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர்கள் பயந்துபோனார்கள்.

பூட்டுப் போட்டால் போதுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரு வழி சொன்னேன். ஊருக்குப் போகும்போது பெட்டிக்குள் இருக்கும் வால்வு ஒன்றைக் கழற்றி ஒளித்து வையுங்கள். பல்பு மாதிரி விரலளவு கண்ணாடிக் குழாய்தான். அது இல்லாவிட்டால் ரேடியோ வெறும் பலகைப் பெட்டி. திருடினவன் அந்த வால்வைத் தேடி எங்கள் கடைக்குத்தான் வரவேண்டும். பெட்டியைக் கொண்டுவராமல் தனி வால்வு கேட்கிறவன் எவனோ அவன்தான் கள்ளன். எலி தானாகப் பொறிக்கு வரும் பாருங்க என்று சொல்லிச் சிரிப்பேன். அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு.

2. பிஸ்கட் டின்

தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய குவார்ட்டர்ஸில் ஏரியல் கட்டப் போனபோது, லீவில் ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். நானே வால்வைக் கழற்றிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன்.

"ரயிலில கொண்டு போனா உடைஞ்சு போகும். குசினி அலுமாரியில பழைய பிஸ்கட் டின் ஒண்டு கிடக்கு, அதுக்குள்ள வைக்கிறன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "மாரிமுத்துவிட்டச் சொல்லட்டோ? ஏழு வருசமா என்னோட நிக்கிறான். நம்பிக்கையான மனுசன்."

மாரிமுத்து அவருக்குச் சமைத்துப் போடுகிறவர். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். பெண்சாதி கொழுந்து எடுத்தாள். இரண்டு பெண் பிள்ளைகளோடு, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பிராவில் குடியிருந்தார்கள்.

"யாருக்கும் சொல்லாதீங்க சேர். சொன்னா அப்புறம் அதுல என்னா பாதுகாப்பு?" என்றேன். அந்த நல்ல மனுசனுக்கு வந்த நல்ல புத்தியை நான்தான் கெடுத்தேன்.

3. பெஞ்சு

ஒரு கிழமை கழித்து மாரிமுத்து கடைக்கு வந்தார். வால்வில் இருக்கும் நம்பரை ஒரு காகிதத்தில் படம் வரைந்த மாதிரி எழுதி வைத்திருந்தார்.

"அய்யா, இந்த மாதிரி ஒண்ணு வேணுங்க."

கிளாக்கர் லீவில் போயிருக்கிறார். நான் கழற்றிக் கொடுத்த அதே வால்வு. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "யாருக்கு?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க லயத்துல ஒருத்தர் வாங்கியாரச் சொன்னாருங்க."

லயத்தில் யாரிடமும் ரேடியோ கிடையாது என்று எனக்குத் தெரியும். "சாமான் ஸ்டோர்ல இருக்கு, கொண்டாரச் சொல்றேன். ஒக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினேன். எழுந்து போய்விடக்கூடாதே என்று ஒரு ப்ளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாங்கிக் குடித்தார். நான் பக்கத்துக் கடைக்குப் போய்த் தோட்டத்து மேனேஜர் துரையின் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் தோட்டத்து லொறியில், ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்து இறங்கினார். குவார்ட்டர்ஸைத் திறந்து பார்த்தார்களாம். ரேடியோ வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறதாம்.

"ஆனா உள்ள சாமான் ஒண்ணு இல்ல" என்றார் கணக்கப்பிள்ளை. மாரிமுத்துவின் மடியை அவிழ்க்கச் சொன்னார். துணி முடிச்சு ஒன்று இருந்தது. அதற்குள் உடைந்த கண்ணாடியும் வால்வின் அடிப்பாகமும். "பாத்தீங்களா, விக்கிறதுக்குக் கழட்டப் போயி ஒடச்சிருக்கான்."

எனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. கழற்றியது நான். மாரிமுத்து அந்தப் பிஸ்கட் டின்னைக் கழுவப் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கீழே போட்டிருக்கிறார். ஐயா திரும்பி வருவதற்குள் புதுசு வாங்கி வைத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். மாரிமுத்து என் முகத்தையே பார்த்தார். கடை வாசலில் சனம் கூடி நின்றது. "தொர ஒங்கள ரொம்ப மெச்சிக்கிட்டாரு" என்று கணக்கப்பிள்ளை என் தோளைத் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மாரிமுத்துவை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை

மூன்று நாள் போனது. கிளாக்கர் ஐயா இன்னும் லீவிலிருந்து திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் துரையின் பங்களாவுக்குப் போய்விட்டு வந்தார்.

"ஒடச்சது தெரியாமத்தான்னு வச்சுக்குவோம், பொய் சொன்னானா இல்லையான்னு தொர கேக்குறாரு. பத்துச்சீட்டு எழுதியாச்சு. எழுதுனது எழுதுனதுதான்."

பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போச்சு, காம்பிராவும் போச்சு. திருட்டுப் பட்டத்தோடு போகிறவனை வேறு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். லயத்து வாசலில் மாரிமுத்து பாயையும் சட்டி பானையையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பெண்சாதி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"ஒடஞ்சிருச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேங்க. நீங்க யாருக்குன்னு கேட்டீங்க. பயந்துட்டேன்."

அவர்கள் எங்கே போனார்கள் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

அதற்குப் பிறகும் ஆறு வருசம் அதே கடையில் இருந்தேன். தனி வால்வு கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும், "ஒடஞ்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன். ஆமாங்க, ஆமாங்க என்று அத்தனை பேரும் உடைந்ததை எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பதினோரு வருசத்தில் ஒரு கள்ளன்கூட வால்வு கேட்டு வரவில்லை.