காலி என்று எழுதிய உறை

பல்செட்காரரின் விரல்கள் கடுகளவு கறுப்புத் தொப்பி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. சிடி டிரைவின் முதுகில் ஆறு ஊசிகள். அதில் ஒரு ஜோடியை மூடியிருந்த தொப்பியைப் பிடுங்கி, பக்கத்து ஜோடியில் மாட்ட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெரியவர், புதிதாக வருவது அவருக்கு அடுத்தவர் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதுதான் வழி. நகத்துக்கு அது அசையவில்லை. பல்செட்டுக்குக் கம்பி வளைக்கும் குறடை எடுத்தார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"அத்தான், குறடைக் கழுவினீங்களா? யார் யார் பல்லைப் பிடிச்சதோ" என்றாள் மனைவியின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்காவைப் பார்க்க வந்துவிடுவாள்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் வாந்தி எடுக்காது. நீ டார்ச்சை நேராப் பிடி."

பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வலது கைக்குக் கீழே தலையணை, மடிமேல் போர்வை. அந்தக் கையைச் சும்மா தொங்கவிட்டால் தோள் கழன்று வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சொன்னதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறார். வாயைத் திறந்து பார்ப்பது டாக்டர் வேலை. அங்கிருந்து வரும் அச்சை வைத்து, முகமே தெரியாத ஆளுக்குப் பல் கட்டுவது இவர் வேலை. பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: செய்த பொருளின் மேல் எதையும் எழுதக் கூடாது, ஒட்டக் கூடாது. பெயர்ச் சீட்டு தட்டில்தான் கிடக்கும். ஒருமுறை தட்டு மாறிப்போய், இரண்டு பெரியவர்கள் ஒருவர் பல்லை மற்றவர் மாட்டிக்கொண்டு பத்து நாள் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும், "புதுப் பல்லு கொஞ்சம் கோபக்காரப் பல்லா இருக்கு" என்று புகார் சொன்னார். அப்போதும் அவர் சட்டத்தை மாற்றவில்லை. வீட்டில் ஃபிளாப்பிகளுக்கும் அதுவே. லேபிள் ஒட்டினால் மெஷினுக்குள் உரிந்து சிக்கிக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டு எழுதிச் செருகி வைத்திருந்தார்.

மனைவி இருபத்தைந்து வருடம் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் ஜன்னலில் இருந்தவள். கண்ணாடியில் உள்ள ஓட்டை வழியாகப் பேசிப் பேசிப் பெரிதான குரல். வீட்டில் அவள் மெதுவாக ஏதாவது கேட்டால் மாடி வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், தலை வாரிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. பக்கவாதம். கால் பாதி திரும்பி வந்தது. கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "வா." தண்ணீருக்கு வா. கழிவறைக்கு வா. பிடிக்காதவர்களைப் போகச் சொல்வதற்கும் வா. மற்றவர்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தது. ஆகவே மற்றதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாசல் மட்டும்தான் அடைத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவளுடைய பழைய குரல் ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. மகள் வேலைக்காக வெளியூர் போகும் முன், விளையாட்டாக மைக்கை நீட்டிப் பிடித்த இரண்டரை நிமிடம். "ஈரத் துண்டை மெத்தைமேல போடாதீங்கன்னு இருபத்தெட்டு வருஷமாச் சொல்றேன். காதுல எந்தப் பல்லை அடைச்சு வச்சிருக்காரோ! நீயாவது போற இடத்துல ஒழுங்கா இருடி" என்று ஆரம்பித்து, கடைசியில் தன் பேச்சுக்குத் தானே சிரிப்பாள். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாமல் மகள் அதை ஃபிளாப்பிக்கு மாற்றியிருந்தாள். "இன்னொரு காப்பி எடுத்து வைங்கப்பா" என்று போனில் இரண்டு தடவை சொன்னாள். "அது எங்கடி போயிடப்போகுது" என்றார்.

தினமும் நான்கு மணிக்கு அதைப் போடுவார். மனைவியின் உதடுகள் கூடவே அசையும். துண்டு, மெத்தை, பல் எல்லாவற்றுக்கும் சத்தமில்லாமல் வாய் சரியாகத் திறந்து மூடும். நாள் முழுக்க அவர் காத்திருப்பது அந்த இரண்டரை நிமிடத்துக்குத்தான். தான் திட்டு வாங்குவதைக் கேட்க இப்படி ஆசைப்பட்ட மனுஷன் வேறு யாரும் இருக்க முடியாது.

பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், ஆஸ்பத்திரியில் ஒரு சிடி கொடுத்தாள். முதல் வருடத்தில் எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றாள். வீட்டுக் கம்ப்யூட்டர் சிடி போடும் காலத்துக்கு முந்தையது. பழைய சாமான் கடையில், இருப்பதிலேயே மலிவான டிரைவை வாங்கி வந்தார். "ஓடினா ஓடும் சார், நின்னா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் அதையும், அதோடு சேர்ந்த ஒரு ஃபிளாப்பியையும் கொடுத்தார்.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் வருடக் கணக்கான தூசி மேஜைமேல் கொட்டியது. ஃபிளாப்பி டப்பாவுக்குள்ளும் போனது. மூன்று ஃபிளாப்பிகளையும் உறையிலிருந்து உருவி, பல் துடைக்கும் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். குரல் இருப்பது ஒன்று, காலியானது ஒன்று, டிரைவோடு வந்தது ஒன்று. மூன்றும் கறுப்பு. பிறகு பெட்டிக்குள் தலையை விட்டார். பட்டைக் கேபிளின் சிவப்பு ஓரம் முதல் ஊசிப் பக்கம் வர வேண்டும். கரண்ட் ஒயர் தனி. பாட்டு கேட்பதற்கான சின்ன ஒயர் தனி.

"அத்தான்! இங்க பாருங்க!"

தலையைத் தூக்கினார். மனைவி ஓர் உறையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஃபிளாப்பியை அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நுனி மாட்டிக்கொண்டது. திருப்பினாள். மறுபடி தள்ளினாள். உள்ளே போய்விட்டது. நோய்க்குப் பிறகு, யாரும் சொல்லாமல் அவளாகவே செய்த முதல் வேலை. மேஜை கலைந்து கிடந்தால் அவளுக்கு என்றைக்குமே பொறுக்காது.

மூன்றையும் போட்டு முடித்து அடுக்கி வைத்தாள்.

"அடி சக்கை! எட்டு மாசமா ஓசிச் சோறு தின்னவ, இன்னிக்குச் சம்பாதிச்சுட்டா!" என்று அவர் கை தட்டினார்.

"வா" என்றாள், முகம் முழுக்கச் சிரிப்போடு. அந்த வாவுக்கு, போதும் வேலையைப் பாருங்க என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் புது டிரைவ் ஒன்று வந்திருப்பது அதற்குத் தெரியவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"நான் குடுத்த ஃபிளாப்பியில டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதை ஏத்தணும் சார். அதுக்கு முன்னாடி ஒரு காலி ஃபிளாப்பியை ஃபார்மட் பண்ணி பூட் டிஸ்க் எடுத்து வச்சுக்கோங்க. நடுவுல மெஷின் படுத்துக்கிச்சுன்னா அதுதான் எழுப்பும்."

'காலி' என்ற சீட்டு இருந்த உறையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துப் போட்டார். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது. காலியில் என்ன அழியப்போகிறது? சரி என்று தட்டினார். ஒரு நிமிடம் போல அது கரகரவென்று அரைத்தது.

அதன் பிறகு எல்லாம் கூடி வந்தது. டிரைவரும் ஏறியது. நாலு மணிக்குச் சற்று முன் டிரைவின் தட்டு நாக்கை நீட்டியது. சிடியைப் போட்டார். திரையில் ஒரு பெண் முகம் வாயை அகலத் திறந்து "ஆ" என்றது. மனைவி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்காவுக்கு இவ மூஞ்சி பிடிக்கல" என்று தங்கை சிரித்தாள்.

"சரி, மணி நாலாச்சு. முதல்ல அவளோட சொந்தக் கச்சேரியைப் போடுவோம்."

'குரல்' உறையிலிருந்து எடுத்துப் போட்டார். ஒன்றுமில்லை. வெளியே எடுத்து ஊதிவிட்டுப் போட்டார். ஒன்றுமில்லை. டிரைவோடு வந்ததைப் போட்டுப் பார்த்தார். அதில் இருக்க வேண்டிய டிரைவர்தான் இருந்தது. பூட் டிஸ்கைப் போட்டார். திரையில் மூன்றே மூன்று வரி. அந்த மூன்றும் அவர் சற்றுமுன் எழுதவைத்தவை.

அவர் கைகள் மேஜைமேல் அப்படியே நின்றன. 'காலி' உறைக்குள் இருந்தது குரல். அதைத்தான் அழித்திருக்கிறார்.

கேள்வி பிறகுதான் வந்தது. மூன்று சீட்டும் அவர் கையெழுத்து, பெரிய எழுத்து. டிக்கெட் ஜன்னலில் எறும்பு எழுத்தை எல்லாம் படித்தவள் எப்படி மாற்றிப் போட்டாள்?

உறைகளை அவள் முன்னால் விரித்தார். "இதுல காலின்னு எழுதினது எது? தொட்டுக் காட்டு."

அவள் ஒன்றைத் தொட்டாள். உடனே அவர் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்து அடுத்ததைத் தொட்டாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

ஒரு காகிதத்தில் 'தண்ணீர்', 'ஜன்னல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "ஜன்னல் எது?" அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எதையுமே தொடவில்லை.

தங்கை டார்ச்சை அணைத்து வைத்தாள். "அத்தான்... அக்கா தினம் பேப்பர் படிக்கறாளே?"

பக்கத்தைத்தான் திருப்பினாள், படிக்கவில்லை. அவ்வளவுதான். எட்டு மாதமாகக் காலையில் பேப்பரை மடியில் வைத்து, நேரம் பார்த்துப் பக்கம் திருப்பியிருக்கிறாள். எழுத்தும் போய்விட்டதை அவரிடமிருந்து மறைக்க, அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான்.

"மெஷின் தின்னுடுச்சும்மா" என்றார் அவர். "பழைய மெஷின். நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன். உன் மேல தப்பு ஒண்ணுமில்ல."

கடைசிச் சொற்களைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் உறைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பேச்சு புரியாதவளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். இடது கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கும் அது வெளியே வரவில்லை. அவர் ஊட்டினார், அவள் வாயைத் திறந்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்கு லீவு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவளுக்குப் படிக்கவும் வரவில்லை, இதுவரை எனக்குத் தெரியாது என்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னார். வியாழக்கிழமை கூட்டி வரச் சொன்னாள். பிறகு மகளுக்குப் போன்.

"நான் அழிச்சுட்டேன்டி."

"காப்பி..."

"இல்ல."

பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். அவர் போனை மனைவியின் காதில் வைத்தார். மகள் என்ன சொன்னாளோ, மனைவி "வா" என்று மட்டும் சொன்னாள்.

அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். "இந்த பட்டனை நீ அழுத்தினாத்தான் தட்டு வெளிய வரும்" என்றார். போர்வைக்குள் கை அசையவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு தானே அழுத்தி, சிடியை வைத்து, முதல் பாடத்தைப் போட்டார்.

திரையில் அந்தப் பெண் "ஆ" என்றாள். இடைவெளி விட்டுக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் அவர் வாயைத் திறந்து, தனியாக, "ஆ" என்றார்.