மாதாவுக்குப் போன என் வீடு

மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் மதியம் திருப்பாதிரிப்புலியூர் திரும்பினேன். ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. அதன்மேல் இருந்த என் வீட்டைக் காணோம்.

என் வீடு என்றால், அட்டையும் ஐஸ் குச்சியும் வைத்து நானே கட்டிய குட்டி வீடு. நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம் என்று கணக்கு. கட்டி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஹேர்பின்னை நிமிர்த்தி ஜன்னல் கம்பி, மாத்திரை அட்டையின் குமிழில் விளக்குக்கு மூடி, வாசலில் சிவப்புச் சாயம் பூசிய மூன்று படி. சமையலறையில் சிலிண்டர் உண்டு, சிலிண்டருக்கு டியூபும் உண்டு. கொடியில் ஒரு நைட்டி காயும். அதற்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. "பேத்திக்கா?" என்பார்கள். எனக்குப் பேத்தி கிடையாது. "வித்தா என்னா கெடைக்கும்?" என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் மீன் தொட்டி வைத்தால் ரசனை, நான் அட்டை வெட்டினால் வேலையத்த வேலை.

"எங்க என் வீடு?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தங்கச்சி வந்துச்சு. கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

"உங்களுதா அது, நீங்க குடுக்க?"

"பொம்மதானே. இன்னொன்னு செஞ்சுக்க. பாவம், அதுவே கஷ்டத்துல இருக்குது."

அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. நாத்தனார் சிதம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறாள். ஸ்கூட்டரில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து அவள் கணவருக்குச் சக்கர நாற்காலிதான். இருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு பார்க்கப் போனால், நாற்காலி என்று சொன்னதுமே ஓனர்களுக்கு எங்கிருந்தோ சொந்தக்காரர்கள் குடிவந்துவிடுகிறார்கள். அந்த ஓனர்களை நினைத்தால் எனக்கும் ஆத்திரம்தான். அதற்காக என் வீட்டைத் தூக்கிக் கொடுப்பதா?

நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"மாதாவுக்கு வெச்சிட்டேன் அண்ணி" என்றாள்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பத்திலும் அது நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எங்களில் கால் வலி என்றால் கால் பொறித்த தகடு, வீடு வேண்டும் என்றால் வீடு பொறித்த தகடு வாங்கி மாதாவுக்குக் காணிக்கையாக வைப்பது வழக்கம். கோயில் வாசலிலேயே விற்கும்.

"ஏன், தகடு கெடைக்கலியா?"

"ரெண்டு தடவ வெச்சாச்சு அண்ணி, ஒண்ணும் நடக்கல. அதுல ஒரு கதவு, ஒரு ஜன்னல், அவ்ளோதான் இருக்குது. அதப் பாத்து மாதாவுக்கு என்னா புரியும்? உங்க வீட்டுல பாத்ரூம் கூட இருக்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். போனை வைத்துவிட்டேன்.

காணிக்கையைத் திருப்பிக் கேட்டால் பாவம் என்றார் கணவர். அடுத்தவர் பொருள் எப்படிக் காணிக்கையாகும் என்று கேட்டேன். பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பெரிய பையாக ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குடும்பமாக எப்போதும் போகும் கடலோரத்து மாதா கோயிலில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் காணிக்கை அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால், தகடுகளுக்கு நடுவில் என் வீடு. பார்த்ததும் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று. என் படிகளைக் காணோம். அவற்றின்மேல் நாத்தனார் பிஸ்கட் அட்டை ஒன்றைச் சரிவாக ஒட்டியிருந்தாள். அட்டையில் பாதி பிஸ்கட் படம் அப்படியே தெரிந்தது. பசை வழிந்து சிவப்புச் சாயத்தின்மேல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முன்கதவைப் பிடுங்கியிருந்தாள். குளியலறையின் வாசற்படியை பிளேடால் சுரண்டித் தரையோடு தரையாக்கியிருந்தாள்.

பிறகுதான் புரிந்தது. நாற்காலி உள்ளே போக வழி செய்திருக்கிறாள். அந்த இடத்திலேயே அழுகை வந்தது. இவளுக்காக அழ வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஆனால் வேலை சுத்தமாகச் சரியில்லை. அந்தச் சரிவு சறுக்குமரம் மாதிரி இருந்தது. அதில் ஏற்றினால் நாற்காலி மல்லாந்து விழும். மூன்று படி உயரத்துக்கு எத்தனை நீளம் வேண்டும் என்று ஒருத்தரைக் கேட்கத் தெரியாதா? தெரு அகலத்தில் பாதியாவது வேண்டும். நேராக விட இடமில்லை, சரிவைச் சுவரை ஒட்டித் திருப்பித்தான் கொண்டுபோக வேண்டும். கைப்பிடியும் வேண்டும்.

"இத எடுத்துட்டுப் போறேங்க" என்றேன்.

"காணிக்கைய எப்படிம்மா திருப்பித் தரது?" என்றார் உபதேசியார்.

"வேல இன்னும் முடியலீங்க. முடிச்சு நானே கொண்டாந்து வெச்சிடுறேன்."

என்ன நினைத்தாரோ, பூட்டைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் வீட்டை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"அந்த நாற்காலி எவ்ளோ அகலம்? டேப்பு வெச்சு அளந்து சொல்லு."

"எதுக்கு அண்ணி?"

"மாதாகிட்ட கேக்கறதுன்னு ஆயிடுச்சு. ஒழுங்காக் கேக்க வேணாமா?"

மறுபக்கத்தில் டேப்பு எங்கே என்று அவள் தன் கணவரிடம் கேட்பது கேட்டது.