அரசு சேனல் மேலே போன வருஷம்

மாமா வீட்டு டிவியில் பன்னிரண்டு பட்டன். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சின்னச் சக்கரம். மூடியைத் திறந்து தீக்குச்சி முனையால் திருப்பினால்தான் படம் வரும். மாமா என்றால் அக்கா புருஷன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வீடு, கடல்தான் தொழில். நான் கேபிள் டிவியில் லைன்மேன். எட்டாவதோடு நின்றவன். கம்பம் ஏறுவேன், ஒயர் இழுப்பேன், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் அந்தக் குப்பத்துக்குக் கேபிள் போனபோது முதல் இணைப்பு மாமாவுக்குத்தான் கொடுத்தேன். அன்றைக்கே அவர் கூரைமேல் இருந்த ஆண்டெனாவைக் கழற்றினேன். காற்றில் விழும், இனி எதற்கு என்று. கொண்டுபோய் ஆபீசுக்குப் பின்னால் போட்டேன்.

மாமா பாட்டு, படம் எதுவும் பார்க்கமாட்டார். சாயங்காலம் அரசு சேனல் செய்தி, அதுவும் கடைசியில் வரும் வானிலைக்காக. அவர் ரேடியோ தண்ணியில் விழுந்து போனபிறகு அது ஒன்றுதான். வானிலை சொல்கிற அம்மாவை அவருக்கு ஆகாது. "ஒங்கம்மா மாரியே கீது மச்சான். எப்பப் பாரு போவாத, போவாத" என்பார். அக்கா உள்ளேயிருந்து, "எங்கம்மா சொல்லி நீ என்னிக்குக் கேட்ட? அவ சொன்னாதான் கேக்குற" என்பாள். அந்த டிவி அம்மா போகாதே என்றால் மாமா போனதே இல்லை.

அந்த நேரத்தில் கேபிளுக்குச் சட்டம் வந்தது. போஸ்ட் ஆபீசில் பதிவு செய்யணும், அரசு சேனல் ரெண்டு கட்டாயம் காட்டணும். முதலாளி ஒழுங்காகப் பதிவு செய்தார், காட்டவும் செய்தார். கொஞ்ச நாளில் சீரியல் சேனல் ஒன்று வந்தது. நாங்கள் போட்ட இடத்தில் அதன் படம் புள்ளி புள்ளியாக வந்தது. பெண்கள் ஆபீசுக்கே வந்து திட்டினார்கள். கேபிளில் கீழ் நம்பர் இடங்களில்தான் படம் சுத்தமாக வரும். அதில் ஒன்றில் செய்தி வருகிற அரசு சேனல் இருந்தது. முதலாளி அதைத் தூக்கி மேலே கடைசியில் போடச் சொன்னார். பழைய டிவி அவ்வளவு மேலே எட்டாதே என்றேன். "சட்டம் காட்டுன்னுதான்டா சொல்லுது. எங்க காட்டுன்னு சொல்லல. நாம காட்டிகினுதான கீறோம்?" என்றார். யாராவது கேட்டால் லைன் கோளாறு என்று சொல்லச் சொன்னார். மாற்றிப் போட்டது என் கைதான்.

குப்பத்தில் எல்லாம் பழைய டிவி. மாமா மட்டும்தான் கேட்டார். "இன்னா மச்சான், நாலு நாளா ஒங்கம்மாவக் காணோம்?" லைன் கோளாறு மாமா, பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். "லைன்மேன வூட்லயே வெச்சிகினு லைன் இல்லன்னா ஊரு சிரிக்கும்டா." அதையே சொன்னேன். எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் வராது என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டெனாவை எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. கட்டினால் ஏன் என்று மற்றவர்களும் கேட்பார்கள். கட்டவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், கடலுக்குப் போகவேண்டாம் என்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். கண்ட்ரோல் ரூமில் வேறு வேலையாக இருந்தேன், நான் கேட்கவில்லை. குப்பத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் போகவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். விடியும்போது கடல் சும்மா கிடந்தது. மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். மதியத்துக்குமேல் காற்று மாறியது. மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினம் பக்கம் கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் ஒதுங்கியது. ஆள் ரெண்டும் கிடைக்கவில்லை. பொணமில்லாமல்தான் காரியம் செய்தோம். அக்கா கரையிலிருந்து எழுந்து வர ஒரு மாசம் ஆனது.

அப்புறம் சில வருஷம் கழித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசு சேனலை எல்லா டிவியிலும் வருகிற நல்ல இடத்தில் காட்டணும் என்று. முதலாளி பேப்பரில் படித்துவிட்டு, "இப்ப எங்கன்னும் சொல்ட்டாங்கடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியை முதலிலேயே எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. நானே சேனலைக் கீழே இறக்கினேன், நானே வீடு வீடாகப் போய்த் திருத்திக் கொடுத்தேன்.

அக்கா வீட்டுக்குக் கடைசியில் போனேன். டிவிமேல் புடவைத் துணி போட்டு மூடியிருந்தாள். எடுத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினேன். படம் சுத்தமாக வந்தது. அக்கா பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"அப்போ இன்னாடா கோளாறு இருந்துச்சு லைன்ல? எத்தினி வாட்டி கேட்டாரு ஒன்ன."

சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"ஒயரு பழசுக்கா. உப்புக் காத்துல அரிச்சிட்டிருந்துச்சு" என்றேன்.

தலையாட்டினாள். எனக்குத் தண்ணி மோந்து வந்து கொடுத்தாள்.

"அதுக்கு நீ இன்னாடா பண்ணுவ" என்றாள்.